முடிவு அவர்களுடையது: மாற்றுத்திறனாளிகளின் இனப்பெருக்கத் தேர்வுகளில் சமூகப் பணியாளரின் துணை

திருமணம் செய்துகொள்வதா, குழந்தை பெற்றுக்கொள்வதா, எப்போது, எத்தனை, கருத்தடைக்கு எந்த முறையைக் கையாள்வது, தரித்த கருவைத் தொடர்வதா கலைப்பதா என்னும் கேள்விகளுக்கு ஒருவர் தாமே விடை காணும் உரிமை இனப்பெருக்க உரிமை எனப்படுகிறது. மாற்றுத்திறனாளிகளைப் பொறுத்தவரை இக்கேள்விகள் பெரும்பாலும் அவர்களிடம் கேட்கப்படுவதே இல்லை. பெற்றோரும் மருத்துவரும் இல்ல நிர்வாகிகளும் தமக்குள் பேசி முடித்த பிறகு, அந்த முடிவு அவர்களுடைய உடலின்மீது நிறைவேற்றப்படுகிறது. தீய எண்ணத்தால் மட்டும் இப்படி நடப்பதில்லை. பிள்ளையின்மீது கொண்ட அக்கறையும், தமக்குப் பின் அவர்களை யார் பார்ப்பார்கள் என்ற அச்சமும், மருத்துவமனையில் நேரமின்மையும் சேர்ந்தே மாற்றுத்திறனாளியை முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலக்கிவிடுகின்றன. அந்த இடத்தை அவருக்கு மீட்டுத் தருவதும், அங்கிருந்து அவர் முடிவெடுக்கத் தேவையான தகவல், நேரம், தனிமை, உதவி ஆகியவற்றை ஏற்பாடு செய்வதுமே சமூகப் பணியாளரின் கடமை என்ற அடிப்படையில் இவ்வத்தியாயம் எழுதப்பட்டுள்ளது.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகளையும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேரையும் பதிவுசெய்தது. அதன் பின்னர் வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அதற்கு முந்தைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக விரித்து, தலசீமியா, ஹீமோபிலியா, அரிவாள் செல் இரத்தசோகை போன்ற இரத்தக் கோளாறுகளையும், ஆட்டிசம், தசைச்சிதைவு போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆகவே மகப்பேறு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பணிபுரியும் எந்தச் சமூகப் பணியாளரும் இத்துறையைத் தமக்குத் தொடர்பற்றது என்று ஒதுக்கிவிட முடியாது.

1. சட்டம் வகுத்துள்ள எல்லைகள்

குடும்பத்தினருடனும் மருத்துவருடனும் பேசும்போது, தாம் முன்வைப்பது சொந்தக் கருத்து அல்ல, நாட்டின் சட்டம் என்று சொல்லும் அளவுக்குச் சமூகப் பணியாளர் சட்டத்தை அறிந்திருக்க வேண்டும். இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி அளித்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் உடன்படிக்கை, தன் 23ஆவது உறுப்பில், மணம் புரியவும், பிள்ளைகளின் எண்ணிக்கையையும் இடைவெளியையும் தாமே முடிவுசெய்யவும், கருவுறும் ஆற்றலைப் பிறரைப் போலவே தக்கவைத்துக்கொள்ளவும் மாற்றுத்திறனாளிகளுக்குள்ள உரிமையை உறுதிசெய்கிறது. இவ்வுடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு இயற்றப்பட்டு, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பின்வரும் பாதுகாப்புகளைத் தருகிறது.

* பிரிவு 10, இனப்பெருக்கம் மற்றும் குடும்ப நலம் பற்றிய தகவல் மாற்றுத்திறனாளிகளுக்குக் கிடைக்கச் செய்வதை அரசின் கடமை ஆக்குகிறது. சுதந்திரமான, தகவலறிந்த ஒப்புதல் இல்லாமல் மலட்டுத்தன்மையை உண்டாக்கும் எந்த மருத்துவச் செயலுக்கும் அவர்களை உட்படுத்தக் கூடாது என்றும் விதிக்கிறது.
* பிரிவு 25, மருத்துவமனையின் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் சென்றுவரும் வசதி, சிகிச்சையில் முன்னுரிமை, குறிப்பாகப் பெண்களுக்குப் பாலியல் மற்றும் இனப்பெருக்க நலச் சேவை ஆகியவற்றைக் கோருகிறது.
* பிரிவு 92, மாற்றுத்திறனாளிப் பெண்ணின் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் கருவைக் கலைப்பதை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக அறிவிக்கிறது. குறைபாடு மிகக் கடுமையாக இருக்கும் நிலையில், மருத்துவரின் கருத்தும் காப்பாளரின் ஒப்புதலும் இருந்தால் மட்டும் விதிவிலக்கு உண்டு. எல்லா மாற்றுத்திறனாளிகளுக்கும் காப்பாளர் கையெழுத்திட்டால் போதும் என்று இந்த விதிவிலக்கை விரித்துப் பொருள்கொள்ளும் போக்கைப் பணியாளர் அனுமதிக்கலாகாது.

கருக்கலைப்பைப் பொறுத்தவரை 1971ஆம் ஆண்டு மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் பொருந்துகின்றன. 18 வயது நிறைந்த பெண்ணின் கருவைக் கலைக்க அவருடைய ஒப்புதல் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை. 18 வயதுக்குட்பட்டவர், இச்சட்டத்தின் பொருளில் மனநோயாளி ஆகிய இரு நிலைகளில் மட்டும் காப்பாளரின் எழுத்துமூல ஒப்புதல் கேட்கப்படுகிறது. மனநோயாளி என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறை அறிவுசார் குறைபாட்டை வெளிப்படையாக நீக்கியிருப்பதால், அறிவுசார் குறைபாடு உள்ள வயதுவந்த பெண்ணின் ஒப்புதலைக் காப்பாளர் ஒப்புதலால் ஈடுசெய்ய முடியாது. 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. பிந்தைய காலவரம்பு விதிகள் குறிப்பிடும் பிரிவினருக்கு மட்டுமே உரியது, அப்பிரிவினருள் பெரும் உடற்குறைபாடு உள்ள பெண்களும் அடங்குவர்.

இச்சட்டத்தை விளக்கிய தீர்ப்புகளுள் முதன்மையானது, சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009 ஆகஸ்ட் 28 அன்று வழங்கியது. சண்டிகரில் அரசு இல்லம் ஒன்றில் வாழ்ந்த, இலேசான அறிவுசார் குறைபாடு கொண்ட ஆதரவற்ற இளம்பெண் அங்கேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கருவுற்றபோது, அவருடைய நலனுக்கு எனக் கருதிக் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அப்பெண் குழந்தையைப் பெற்றெடுக்க விரும்பினார். இனப்பெருக்கத் தேர்வு அரசமைப்பின் 21ஆவது பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று அறிவித்த உச்ச நீதிமன்றம், அவருடைய விருப்பத்துக்கு மாறான கலைப்பை அனுமதிக்க மறுத்தது. தாய்மைக்கான உதவியை ஏற்பாடு செய்ய முன்வந்த தேசிய அறக்கட்டளையின் உறுதியையும் கருத்தில் கொண்டது. வளர்க்க இயலுமா என்ற ஐயத்துக்கு விடை, கருவை அகற்றுவதில் அல்ல, உதவியை ஏற்பாடு செய்வதில் இருக்கிறது என்பதே சமூகப் பணிக்கு இத்தீர்ப்பு தரும் வழிகாட்டல்.

மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு அளிக்கிறது. மனநோய்க்குச் சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை அறுவை செய்வதை அதன் 95ஆவது பிரிவு தடைசெய்கிறது. மனநல மையத்தில் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து 3 வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 21ஆவது பிரிவு கூறுகிறது.

2. முடிவெடுக்கத் துணைநிற்பது

ஒருவருக்காகப் பிறர் முடிவெடுப்பது பதிலீட்டு முடிவு. அவர் தாமே முடிவெடுக்கப் பிறர் உதவுவது துணையுடன் கூடிய முடிவு. பணிபெறுபவரின் தன்னிர்ணய உரிமையைப் பெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு தனிநபர் பணிக் கோட்பாடுகளுள் ஒன்றாகச் சேர்த்த காலம்தொட்டுச் சமூகப் பணி இரண்டாவது வழியையே தன் வழியாகக் கொண்டுள்ளது. எனினும் நடைமுறையில், பேச்சு தெளிவாக இல்லாதவரையும் மெதுவாகப் புரிந்துகொள்பவரையும் கண்டவுடன் பணியாளரே அருகில் நிற்கும் தாயை நோக்கிப் பேசத் தொடங்கிவிடுவது உண்டு. இப்பழக்கத்தைத் தவிர்க்கும் வகையில் பணியின் படிகள் கீழே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

முதற்படி தனிச் சந்திப்பு. குடும்பத்தினருடன் பேசுவதற்கு முன்போ, அது இயலாவிட்டால் அதே நாளிலோ, மாற்றுத்திறனாளியைத் தனியாகச் சந்திக்க வேண்டும். துணையில்லாமல் அவரால் பேச இயலாது என்றால், துணையாக இருப்பவரை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். செவித்திறன் குறைந்த பெண்ணுக்கு மாமியாரோ கணவரோ சைகையைப் பெயர்த்துச் சொல்லும் ஏற்பாடு, குறிப்பாகக் கருத்தடை, கருக்கலைப்பு, வீட்டு வன்முறை பற்றிய பேச்சில், ஒருபோதும் ஏற்கத்தக்கதல்ல.

இரண்டாவது படி தகவலை அவருக்கு எட்டும் வடிவில் தருவது. பார்வைத்திறன் குறைந்தவருக்குக் காப்பர்-டி கருவியையும் ஆணுறையையும் கையில் தந்து தடவிப் பார்க்கச் செய்வதும், அறிவுசார் குறைபாடு உள்ளவருக்குப் படங்களையும் உடலமைப்புப் பொம்மையையும் கொண்டு ஒரு சந்திப்பில் ஒரே செய்தியை விளக்குவதும், பேச இயலாத மூளை முடக்குவாதம் உள்ளவருக்கு ஆம், இல்லை, இன்னும் யோசிக்க வேண்டும் என்னும் மூன்று அட்டைகளைக் காட்டிக் கண்ணசைவால் பதில் பெறுவதும் செலவில்லாத வழிகள். உடலுறுப்புகளின் பெயர்களைச் சுற்றிவளைக்காமல் சொல்வது இங்கே மரியாதைக் குறைவு ஆகாது.

மூன்றாவது படி புரிதலைச் சோதிப்பது. புரிந்ததா என்று கேட்டால் பலர் பணிவுக்காகவே தலையசைப்பர். ஆகையால் சொன்னதை அவருடைய சொற்களிலோ சைகையிலோ திரும்பச் சொல்லுமாறு கேட்க வேண்டும். அதே கேள்வியைச் சில நாட்கள் கழித்து, வாக்கியத்தை மாற்றி, இயன்றால் வேறொரு பணியாளரைக் கொண்டு மீண்டும் கேட்பதால், முதல் விடை அவருடைய சொந்த விடையா, கேட்டவரை மகிழ்விக்கத் தந்த விடையா என்பது தெளிவாகும்.

நான்காவது படி முடிவெடுக்கும் திறனை மதிப்பிடுவது. இத்திறன் ஒருவரிடம் முழுமையாக இருக்கும் அல்லது அறவே இருக்காது என்று கருதுவது பிழை; வங்கிக் கணக்கைக் கையாள இயலாத பெண், தமக்குக் குழந்தை வேண்டுமா என்பதைத் தெளிவாகச் சொல்ல வல்லவராக இருக்கலாம். முடிவுக்குத் தேவையான தகவலைப் புரிந்துகொள்வது, முடிவின் விளைவை உணர்வது, முடிவைப் பேச்சாலோ முகக்குறியாலோ சைகையாலோ தெரிவிப்பது ஆகியவற்றை மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 4ஆவது பிரிவு அளவுகோலாகக் கொள்கிறது. ஒருவருடைய முடிவு பிறருக்குத் தவறாகத் தோன்றுகிறது என்பதாலேயே அவருக்குத் திறன் இல்லை என்று கொள்ளக் கூடாது என்றும் அப்பிரிவு சேர்த்துச் சொல்கிறது. அச்சட்டம் மனநலச் சிகிச்சைக்கு உரியது என்றாலும், பிற குறைபாடு உள்ளவர்களோடு பணிபுரியும்போதும் இந்த அளவுகோல் நல்ல வழிகாட்டி.

ஐந்தாவது படி நேரம் தருவது. கருக்கலைப்புக்கு மட்டுமே சட்டம் வாரக்கணக்கு விதிக்கிறது. கருத்தடை முறை, கருத்தடை அறுவை, திருமணம் ஆகியவற்றில் இன்றே கையெழுத்திட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. குறிப்பாக, பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடமோ சிசேரியன் அறுவை அரங்கின் வாயிலிலோ கருத்தடை அறுவைக்கு ஒப்புதல் கேட்பதைப் பணியாளர் தடுக்க வேண்டும். அந்தப் பேச்சு கர்ப்பகாலத்திலேயே முடிந்திருக்க வேண்டும். ஒப்புதல் படிவம் உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும், அறுவைக்கு முன் அதன் உள்ளடக்கத்தை விளக்க வேண்டும் என்று தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருப்பதை மருத்துவமனைக்கு நினைவூட்டலாம்.

3. கருத்தடை முறைகளும் குறைபாட்டின் தன்மையும்

எந்த முறை யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவரே பரிந்துரைக்க வேண்டும். ஆயினும் மகப்பேறு மருத்துவருக்குக் குறைபாட்டின் விவரமும், நரம்பியல் அல்லது மனநல மருத்துவருக்குக் கருத்தடையின் விவரமும் சென்று சேராத இடைவெளியில் பல தீங்குகள் நேர்வதால், கேட்க வேண்டிய கேள்விகளைப் பணியாளர் அறிந்திருப்பது அவசியம்.

வலிப்புக்குக் கார்பமாசெபின், பெனிடாயின், பெனோபார்பிடோன் ஆகியவற்றுள் ஒன்றை உட்கொள்ளும் பெண்ணுக்கு, அரசு மருத்துவமனையில் கிடைக்கும் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் ஆற்றல் குறைந்துவிடும். காப்பர்-டி இம்மருந்துகளால் பாதிக்கப்படாது. வால்புரோயேட் மருந்து கருவிலுள்ள குழந்தையின் உடலமைப்பையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது என்பதால், கருவுற விரும்பும் பெண் முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தினால் கடும் வலிப்பு வந்து தாய், சேய் இருவருக்கும் ஆபத்து நேரும் என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

சக்கர நாற்காலியில் நெடுநேரம் அமர்ந்திருப்பவருக்குக் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு உள்ளதால், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைத் தொடங்குமுன் மருத்துவர் இதனை ஆராய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் அந்தரா ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கக்கூடியது. நடமாட்டமின்மையால் எலும்பு ஏற்கெனவே மெலிந்திருப்பவரின் நிலையில் இது பொருட்படுத்தத்தக்கது. தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழ் உணர்ச்சியற்ற பெண்ணுக்குக் காப்பர்-டி பொருத்தினால், தொற்றோ கருவி இடம்பெயர்வதோ வலியாகத் தெரியாமல் போகலாம் என்பதால் முறையான மறுபரிசோதனை வேண்டும். பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு உள்ளவர்களில் பலருக்கு ரப்பர் ஒவ்வாமை இருப்பதால் சாதாரண ஆணுறையும் மருத்துவரின் கையுறையும்கூடக் கேடு விளைவிக்கலாம்.

மனநல மருந்துகளுள் சில மாதவிடாயைத் தள்ளிப்போடவோ நிறுத்தவோ செய்யும். இதனைக் கருவுற முடியாத நிலை என்று எண்ணிக் கருத்தடையைக் கைவிடுவோரும், கர்ப்பம் என்று எண்ணிக் கலங்குவோரும் உண்டு. தண்டுவடம் பாதிக்கப்பட்ட பெண்ணுக்குச் சில மாதங்கள் நின்றிருக்கும் மாதவிடாய் பெரும்பாலும் திரும்பிவிடும், கருவுறும் ஆற்றலும் நிலைத்திருக்கும். ஆண்களைப் பொறுத்தவரை விந்து வெளியேறுவதில் தடை ஏற்பட்டாலும், விந்தணுவைச் சேகரித்துக் கருவூட்டும் மருத்துவ வழிகள் உள்ளன. இத்தகவல் ஆண்களுக்கு அரிதாகவே சொல்லப்படுகிறது. ஆண் மாற்றுத்திறனாளியின் தந்தைமை ஆசையும் இனப்பெருக்க உரிமையின் பகுதியே.

குழந்தைக்கும் இக்குறைபாடு வருமா என்னும் கேள்வி ஏறக்குறைய ஒவ்வொரு சந்திப்பிலும் எழும். போலியோ, விபத்து, தொற்று ஆகியவற்றால் வந்த குறைபாடு மரபுவழி தொடர்வதில்லை. செவித்திறன் குறைந்த பெற்றோருக்குப் பிறக்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் கேட்கும் திறனுடன் பிறக்கின்றனர். தலசீமியாக் கூற்றைக் கணவன், மனைவி இருவருமே தாங்கியிருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. மரபணு ஆலோசனைக்கு அனுப்பும்போது, அதன் நோக்கம் தகவல் தருவது மட்டுமே, குழந்தை வேண்டாம் என்று இணங்கவைப்பது அல்ல என்பதைத் தம்பதிக்குத் தெளிவாக்க வேண்டும்.

4. கருப்பையை நீக்கக் கோரும் குடும்பங்கள்

அறிவுசார் குறைபாடு உள்ள பெண் பருவமடையும்போது, கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று பெற்றோர் கேட்பது இப்பணியில் மிகக் கடினமான, மிக அடிக்கடி எதிர்ப்படும் நிலைகளுள் ஒன்று. 1994இல் புணேயில், அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்கு மாதவிடாய்த் தூய்மையைக் காரணம் காட்டிக் கருப்பை நீக்க அறுவை செய்யப்பட்டபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. அன்று இல்லங்களில் வெளிப்படையாக நடந்தது, இன்று வீடுகளிலிருந்து மெல்லிய குரலில் வேண்டுகோளாக வருகிறது.

அக்கோரிக்கையுடன் வரும் தாயைக் குற்றவாளியாக நடத்தினால், அவர் அடுத்த மருத்துவமனையைத் தேடிச் செல்வாரே ஒழிய, மனம் மாறமாட்டார். பல ஆண்டுகள் ஓய்வின்றிப் பார்த்துக்கொண்ட களைப்பு, மாதவிடாய் நாட்களில் மகளைப் பள்ளி ஏற்க மறுப்பது, யாரேனும் மகளைச் சீரழித்துவிடுவார்களோ என்ற பயம் என மூன்று தனித்தனிப் பிரச்சினைகள் அக்கோரிக்கைக்குள் அடங்கியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் விடை தேடுவதே பணியாளரின் அணுகுமுறையாக இருக்க வேண்டும்.

மாதவிடாய்ப் பராமரிப்பு கற்பிக்கத்தக்க திறன். பூப்படைவதற்கு முன்பே, ஒரே வகை நாப்கினை வெறுமனே அணிந்து பழகச் செய்தல், அணிவதையும் மாற்றுவதையும் அப்புறப்படுத்துவதையும் படிப்படியாகப் படங்களாக்கிக் குளியலறைச் சுவரில் ஒட்டுதல், நாட்காட்டியில் நாளைக் குறித்தல், தனியிடத்தில் மட்டுமே ஆடை மாற்ற வேண்டும் என்பதைத் தினமும் நினைவூட்டுதல் ஆகியவற்றைச் சிறப்புப் பயிற்றுநருடன் இணைந்து செய்தால் பல பெண்கள் சில மாதங்களில் பழகிவிடுவர். தமிழ்நாடு அரசின் புதுயுகம் திட்டத்தில் 10 முதல் 19 வயது வரையிலான பெண்களுக்கு வழங்கப்படும் இலவச நாப்கின் இவர்களுக்கும் உரியதே. கிராம சுகாதார செவிலியர் வழியே அதனைப் பெற்றுத் தரலாம். இரத்தப்போக்கு மிகுதியாகவோ வலி கடுமையாகவோ இருந்தால், பேச இயலாத பெண் அதனை அழுகையாலும் தன்னைத் தாக்கிக்கொள்வதாலும் காட்டுவார். அதற்கு மருந்துகளும், மீளத்தக்க ஹார்மோன் முறைகளும் உள்ளன. கருப்பையில் நோய் இருந்து, நோய்க்கான சிகிச்சையாகப் பிற பெண்களுக்கும் அறுவை பரிந்துரைக்கப்படும் நிலை மட்டுமே விலக்கு.

பாலியல் வன்முறை குறித்த அச்சத்துக்கு விடை சொல்லும்போது தயங்காத தெளிவு வேண்டும். கருப்பையை நீக்குவது கருவைத் தடுக்கும், வன்முறையைத் தடுக்காது. கர்ப்பம் உண்டாகாது என்று தெரிந்தவருக்கு அது துணிவைத் தரும், குற்றம் வெளிப்படும் ஒரே வழியையும் அடைத்துவிடும். பாதுகாப்பைத் தருபவை வேறு: தொடக்கூடாத தொடுதலை அடையாளம் காணவும் மறுக்கவும் பெண்ணுக்குக் கற்பித்தல், வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே அவர் பயணிக்கும் வாகனத்தையும் அவரைப் பார்த்துக்கொள்வோரையும் கவனித்தல், திடீரெனத் தெரியும் பயத்தையும் ஒதுங்குதலையும் பொருட்படுத்துதல். களைப்புக்கு விடையாகப் பகல்நேரப் பராமரிப்பு மையம், பராமரிப்பு உதவித்தொகை, பெற்றோர் குழு ஆகியவற்றுடன் தாயை இணைக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் பிறகும் குடும்பம் அறுவையை வலியுறுத்தினால், பெண்ணின் சுதந்திரமான ஒப்புதல் இல்லாத அறுவை மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 10ஆவது பிரிவுக்கு மாறானது என்பதை மருத்துவமனைத் தலைமைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரின் கவனத்துக்குக் கொண்டுசெல்வது பணியாளரின் கடமை.

5. கர்ப்பமும் பிரசவமும்

கர்ப்பம் உறுதியானவுடன், கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் பிக்மி பதிவு எண் பெறப் பதிவுசெய்யும் வேளையிலேயே குறைபாட்டின் விவரமும் தேவைப்படும் உதவியும் தாய் அட்டையில் எழுதப்பட வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கும் இப்பதிவே வாயில் என்பதால், வங்கிக் கணக்கோ ஆதார் அட்டையோ இல்லாத மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்கு அவற்றை முதலில் பெற்றுத் தர வேண்டியிருக்கும்.

ஒருவர் பிறருக்கு இணையாகச் சேவை பெறும் பொருட்டு, நிறுவனம் தன் மீது அளவுக்கு மீறிய சுமை ஏற்றிக்கொள்ளாமல் செய்யும் மாற்றத்தைச் சட்டம் நியாயமான ஏற்பாடு என்கிறது. உயரத்தைக் குறைக்கத்தக்க பரிசோதனை மேசை, சக்கர நாற்காலியுடன் எடை பார்க்கும் வசதி, அகலமான கதவுள்ள கழிப்பறை, டோக்கன் எண்ணைக் கூப்பிடுவதோடு திரையிலும் காட்டுவது, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியவை இதனுள் அடங்கும். ஏழாம் மாதத்துக்குள் பணியாளர் பெண்ணுடன் அமர்ந்து ஒரு பக்க அளவில் பிரசவத் திட்டக் குறிப்பைத் தயாரிப்பது நல்லது. அதில் அவர் எவ்வாறு பேசுவார், எந்த நிலையில் படுக்க இயலும், கால்களை எந்த அளவு விரிக்க முடியும், என்னென்ன மருந்து உட்கொள்கிறார், உடனிருக்க யாரை விரும்புகிறார் என்பவை இருக்க வேண்டும். அதன் படிகள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் பிரசவம் நடக்கவிருக்கும் மருத்துவமனையிலும் பெண்ணின் கைப்பையிலும் இருக்க வேண்டும்.

தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள பெண்ணுக்குப் பிரசவ வலி வழக்கம்போல் தெரியாது; கூடவே, சிறுநீர்ப்பை நிறைவதாலோ கருப்பை சுருங்குவதாலோ இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து, கடும் தலைவலி, வியர்வை, முகச்சிவப்பு ஆகியவை தோன்றும் தன்னியக்க நரம்புக் கோளாறு உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பகால இரத்த அழுத்த நோய் என்று இது தவறாகக் கருதப்படுவதுண்டு என்பதால், மயக்க மருத்துவருடனான சந்திப்பைப் பணியாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். சிறுநீர்த் தொற்றும் படுக்கைப்புண்ணும் கர்ப்பகாலத்தில் கூடுவதால் வீட்டிலேயே தோலைக் கவனிக்கக் குடும்பத்தினருக்குப் பயிற்சி வேண்டும். மாற்றுத்திறனாளி என்பதாலேயே சிசேரியன் என்று முடிவுசெய்வதும் ஏற்கத்தக்கதல்ல. அதற்கான மருத்துவக் காரணத்தைக் கேட்டறியும் உரிமை அப்பெண்ணுக்கு உண்டு.

6. பெற்றோராக வாழ உதவி

குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் குழந்தையையும் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. உடன்படிக்கையின் 23ஆவது உறுப்பு கூறுகிறது. குழந்தையின் குறைபாட்டுக்கும் பெற்றோரின் குறைபாட்டுக்கும் இது ஒருங்கே பொருந்தும். ஆகவே பெற்றோரால் இயலுமா என்று கேட்பதைக் காட்டிலும், என்ன உதவி இருந்தால் இயலும் என்று கேட்பதே பணியாளருக்கு ஏற்ற கேள்வி. பார்வையற்ற தாய், தவழும் குழந்தையின் காலில் அணிந்த சலங்கைக் கொலுசால் அது இருக்கும் இடத்தை அறிவார். மருந்தை அளக்க ஊசியில்லாச் சிரிஞ்சில் வெட்டுக்குறி இட்டுத் தரலாம். செவித்திறன் குறைந்த பெற்றோர் குழந்தையின் அழுகைக்கு ஒளிரும் அல்லது அதிரும் கருவியைப் பயன்படுத்தலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் தாய்க்குப் பக்கவாட்டில் திறக்கும் தாழ்ந்த தொட்டிலும் மடிப்பட்டையும் போதும். அறிவுசார் குறைபாடு உள்ள பெற்றோருக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, பால் தருதல் ஆகியவற்றை ஒரே செவிலியர் வீட்டுக்கே வந்து மீண்டும் மீண்டும் செய்துகாட்டுவதே பயன் தரும்.

தாத்தா, பாட்டி, நாத்தனார் ஆகியோரின் உதவி பெரும் வலிமை என்றாலும், உதவி செய்பவரே குழந்தைக்குத் தாயாகிப் பெற்றவளை ஓரங்கட்டிவிடும் நிலையும் ஏற்படலாம். உதவியின் எல்லையைத் தாய் முடிவுசெய்யும் வகையில் குடும்பக் கூட்டம் ஒன்றைப் பிரசவத்துக்கு முன்பே நடத்துவது நல்லது.

7. வன்முறையால் உண்டான கர்ப்பம்

18 வயதுக்குட்பட்டவரின் கர்ப்பத்தைப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். இதனைப் பணியாளர் அப்பெண்ணிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்ல வேண்டும். மாற்றுத்திறனாளிப் பெண் பாலியல் குற்றத்துக்கு ஆளாகியிருந்தால், அவருடைய புகாரை அவர் விரும்பும் இடத்தில், மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புப் பயிற்றுநர் முன்னிலையில், காணொளிப் பதிவுடன் பெற வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பின்றிக் கட்டணமில்லாச் சட்ட உதவி தருகிறது; 181 மகளிர் உதவி எண் ஒருங்கிணைந்த சேவை மையத்துடன் இணைக்கும். குற்றம் நடந்தது என்பதால் கருவைப் பற்றிய முடிவு காவல்துறைக்கோ குடும்பத்துக்கோ இடம் மாறிவிடாது. கலைப்பதையும் தொடர்வதையும் இரண்டையுமே அவருக்கு முழுமையாக விளக்கி, நாட்கள் வீணாகாதவாறு விரைந்து செயல்பட வேண்டும்.

8. பணியாளரின் மனச்சாய்வும் பதிவேடும்

இவர்களுக்கு எதற்குக் குழந்தை என்ற எண்ணம் சமூகத்தில் ஊறியிருப்பது போலவே, பணியாளரின் மனத்திலும் இருக்கக்கூடும். அதற்கு எதிர்முனையில், கருவைக் கலைக்க விரும்பும் மாற்றுத்திறனாளிப் பெண்ணைத் தாய்மையின் பெருமை பேசித் தடுக்கும் எண்ணமும் இருக்கலாம். இரண்டுமே அவருடைய தேர்வின்மீது பணியாளரின் தேர்வைச் சுமத்துவன. மேற்பார்வையாளருடன் இதனை வெளிப்படையாகப் பேசுவது பலவீனம் அல்ல, தொழில்நெறி.

பதிவேட்டில் முடிவை மட்டும் எழுதினால் போதாது. எந்தத் தகவல் எந்த வடிவில் தரப்பட்டது, யார் உடனிருந்தார், பணிபெறுபவர் என்ன சொன்னார் என்பது அவருடைய சொற்களிலேயே எழுதப்பட வேண்டும். கருக்கலைப்புச் செய்துகொண்ட பெண்ணின் பெயரையும் விவரத்தையும் வெளியிடுவது தண்டனைக்குரியது என்பதால் அப்பதிவுகளைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். ஒரு வழக்கை முடிக்குமுன் பணியாளர் கீழ்க்காணும் கேள்விகளுக்குப் பதிவேட்டிலிருந்தே விடை காட்ட இயல வேண்டும்.

* மாற்றுத்திறனாளியைத் தனியாகச் சந்தித்தது எப்போது, எத்தனை முறை?
* அவருக்கு முன்வைக்கப்பட்ட மாற்றுவழிகள் எவை, எதுவும் செய்யாமல் இருப்பதும் அவற்றுள் ஒன்றாகச் சொல்லப்பட்டதா?
* அவர் புரிந்துகொண்டார் என்பதற்குச் சான்று என்ன?
* குடும்பத்தின் விருப்பமும் அவருடைய விருப்பமும் வேறுபட்ட இடத்தில் என்ன செய்யப்பட்டது?
* முடிவுக்குப் பின் அவருக்குத் தேவையான உதவியை யார், எத்தனை காலத்துக்கு ஏற்றிருக்கிறார்?

இவற்றுள் கடைசிக் கேள்வியே நடைமுறையில் அதிகம் விடுபடுகிறது. உதவி கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லாதவர் குழந்தை வேண்டாம் என்று சொல்லும்போது, அது அவருடைய தேர்வா, வறுமையும் தனிமையும் அவர்மீது திணித்த விடையா என்பதைப் பிரித்தறிய வழியில்லை. மகப்பேற்று நிதியும், சாய்தளமும், சைகை மொழிபெயர்ப்பாளரும், வீடுதேடி வரும் செவிலியரும் உறுதியாகக் கிடைக்கும் மாவட்டத்தில்தான் வேண்டும் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் சம மதிப்பு உண்டாகிறது. எனவே தனிநபருடன் செய்யும் பணியோடு நில்லாமல், தம் பகுதி மருத்துவமனையில் எந்த வசதி இல்லை என்பதைப் பட்டியலிட்டு, மாவட்ட நிர்வாகத்திடமும் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடமும் தொடர்ந்து கோருவதும் சமூகப் பணியாளரின் அன்றாடப் பணியில் சேர்ந்தது.